88 மஸ்டாங் 5.0 இன்ஜெக்‌ஷன் வண்டி: ஸ்டாக் கிளாஸுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கொலம்பஸ்_குமரன்:

வணக்கம் மக்களே. ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டர், பைத்தியம் கார். போன வருடம் 1988 மஸ்டாங் எல்எக்ஸ் ஒன்று கிடைத்தது. நாட்ச்பேக் பாடி, 5.0 எச்ஓ எஞ்சின், ஏஓடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். துரு அதிகம் இல்லை, முன்னால் வைத்திருந்தவர் எஞ்சினில் கையே வைக்கவில்லை. நாலைந்து தடவை டிராக் ரேஸ் (நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம்) தடத்துக்குக் கொண்டுபோனேன், கால் மைலுக்கு 15 வினாடியை ஒட்டித்தான் ஓடுகிறது.

இங்கே நார்வாக் ரேஸ் தடத்தில் ஸ்டாக் எலிமினேட்டர் (ஃபேக்டரி பாகங்களோடு ஓட வேண்டிய பிரிவு) வண்டிகளைப் பார்த்த அன்றுதான் தூக்கம் போனது. என் வண்டி மாதிரியே ஒரு ஃபாக்ஸ் பாடி மஸ்டாங், பின்சீட் கார்பெட் எல்லாம் அப்படியே இருக்கிறது, பச்சை விளக்கு விழுந்ததும் முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பி 11 வினாடியில் போய்ச் சேர்கிறது. பெயரோ ஸ்டாக். அதே 5.0, அதே இன்ஜெக்‌ஷன், அதே இரும்பு சிலிண்டர் ஹெட். நாலு வினாடி எங்கே ஒளிந்திருக்கிறது?

நானும் அப்படி ஒன்று செய்ய ஆசைப்படுகிறேன். கூட வேலை செய்கிற ஒருவர் அலுமினியம் ஹெட் போடு என்கிறார், இன்னொருவர் இன்ஜெக்‌ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் மாட்டு என்கிறார். பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) போட்டால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்றும் சொல்கிறார்கள். எது முதலில், எது கடைசியில்? கேம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கிவிடவா?


ஒன்பதங்குல_டயர்:

தம்பி, பர்ஸை முதலில் உள்ளே வையுங்கள். கேம் வாங்காதீர்கள். அலுமினியம் ஹெட் சொன்னவரிடம் ஸ்டாக் கிளாஸ் பற்றி இனிமேல் எதுவும் கேட்காதீர்கள், கார்புரேட்டர் சொன்னவரிடமும்தான். உங்கள் வண்டிக்கு ஃபேக்டரி என்ன ஹெட் போட்டதோ, என்ன இன்டேக் மேனிஃபோல்ட், என்ன த்ராட்டில் பாடி போட்டதோ அதுதான். அதை மாற்றினால் வண்டி வேகமாகத்தான் ஓடும், ஆனால் ஸ்டாக்கில் ஓடாது.

இந்த விளையாட்டில் குதிரைத்திறனை விடக் கணக்குதான் முக்கியம். ரேஸை நடத்துகிற என்எச்ஆர்ஏ அமைப்பு ஒவ்வொரு வருடம், மாடல், எஞ்சினுக்கும் ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதில் உங்கள் வண்டியின் ஷிப்பிங் எடையும், அவர்கள் அதற்குப் போட்டிருக்கிற ஹெச்பியும் இருக்கும். ஃபோர்டு 1988-ல் 225 ஹெச்பி என்று விளம்பரம் செய்தது, ஆனால் ரேஸுக்கு என்எச்ஆர்ஏ எழுதி வைத்திருக்கிற எண்தான் செல்லும். எடையை ஹெச்பியால் வகுத்தால் வருவது உங்கள் கிளாஸ். அதிலிருந்து எடையைக் கூட்டியோ குறைத்தோ பக்கத்துக் கிளாஸுக்கும் போகலாம்.

சும்மா உதாரணத்துக்கு, ஒரு கிளாஸின் கீழ் எல்லை ஒரு ஹெச்பிக்கு 13.50 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 225-ஐப் பெருக்கினால் 3037.5 பவுண்டு, அதோடு ஓட்டுநருக்கு 170 சேர்த்தால் 3207.5. நீங்கள் உள்ளே உட்கார்ந்து, ஹெல்மெட்டோடு, ஓடி முடித்துத் தராசில் ஏறும்போது அதற்கு ஒரு பவுண்டுகூடக் குறையக் கூடாது. இப்போது அதே எஞ்சினுக்கு 10 ஹெச்பி ஏற்றிவிட்டார்கள் என்றால்? 135 பவுண்டு கூடுதலாகச் சுமக்க வேண்டும். பக்கத்து சீட்டில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுவது போல. நன்றாக ஓடுகிற வண்டிக்குத்தான் இந்தத் தண்டனை வரும். கிளாஸுக்கு நிர்ணயித்திருக்கிற இன்டெக்ஸ் நேரத்தை விட ரொம்பக் கீழே ஓடிக் காட்டினால் அவர்களுடைய முறைப்படி ஹெச்பி தானாக ஏறும். அதனால்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கோட்டுக்கு முன்னாலேயே காலைத் தூக்கிவிடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும்.

என் கதை ஒன்று. எடையைப் பிடித்துக் கட்டி வைக்கிறேன் என்று டேங்கில் அளவாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒருவர் எண்ணெயைக் கொட்டிவிட்டார், துடைத்து முடிக்க முக்கால் மணி. நான் எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே நகர்ந்தேன். பெட்ரோல் ஒரு காலன் சுமார் ஆறு பவுண்டு. ஓடி முடித்துத் தராசில் ஏறினேன், நாலு பவுண்டு குறைவு. அந்த வார இறுதியிலேயே என் நல்ல ஓட்டம் அதுதான், செல்லாது என்று கிழித்துவிட்டார்கள். தராசுக்காரர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை நிறுத்தார். அப்போதும் நாலுதான்.

ஆக முதல் செலவு விதிப்புத்தகம், இரண்டாவது செலவு தராசு. போய் நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை எடுத்து இங்கே போடுங்கள். உங்கள் எடையையும், உண்மையான எடையை.


மேப்_சென்சார்:

அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. அந்த நாலு வினாடி எங்கே என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

ஸ்டாக்கில் கேமின் லிஃப்ட்தான் (வால்வ் எழும்புகிற உயரம்) பூட்டு, ட்யூரேஷனுக்கு (வால்வ் திறந்திருக்கிற நேரம்) கட்டுப்பாடு இல்லை. 5.0 எச்ஓ கேமின் லிஃப்ட் 0.444 அங்குலம். அதற்கு மேல் வால்வ் எழும்பக் கூடாது, டயல் இண்டிகேட்டர் வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த 0.444-க்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, ஏறி எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்பது உங்கள் பாடு. சாதாரணக் கேம் கோபுரம் மாதிரி, உச்சியைத் தொட்டதும் இறங்கும். ஸ்டாக் எலிமினேட்டர் கேம் திண்ணை மாதிரி. சட்டென்று ஏறி, நீட்டிப் படுத்து, சட்டென்று இறங்கும். அந்த வேகத்துக்குப் பழைய ஸ்பிரிங் ஈடு கொடுக்காது, வால்வ் துள்ளும். அதனால் ஸ்பிரிங்கும் கேமும் ஒரே ஆளிடம் பேசி வாங்குங்கள்.

மிச்சம் எல்லாம் பொறுமை. உங்கள் வண்டியின் இ7டிஇ ஹெட்டில் காற்று போகிற வழிக்குள் (போர்ட்) கிரைண்டர் போகக் கூடாது, ஆனால் வால்வ் சீட்டை நல்ல கையிடம் கொடுத்து வெட்டலாம். பெட்ரோல் எரிகிற சேம்பர் ஒவ்வொன்றையும் ஒரு அக்ரிலிக் தகட்டால் மூடி, அதிலுள்ள துளை வழியாக ப்யூரெட்டில் இருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு அளப்பார்கள், பள்ளிக்கூட வேதியியல் லேப் மாதிரியே இருக்கும். எட்டும் விதி சொல்கிற குறைந்தபட்ச அளவுக்கு வந்து நிற்க வேண்டும், ஒரு சிசி கீழே போனால் திருட்டு, ஒரு சிசி மேலே நின்றால் கம்ப்ரெஷனை நீங்களே தானம் செய்துவிட்டீர்கள். இண்டியானபொலிஸில் யுஎஸ் நேஷனல்ஸ் நடக்கும்போது கிளாஸ் ஜெயித்தவனின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஜெயித்த சந்தோஷத்தோடு ஸ்பேனர் பிடித்துப் பிரிக்க வேண்டியது நீங்கள்தான்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர் விவகாரம். 88 என்றால் கலிஃபோர்னியாவுக்குப் போன வண்டிகள் தவிர மற்றதெல்லாம் ஸ்பீட் டென்சிட்டி. அதாவது உள்ளே போகிற காற்றை அது நேராக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், எஞ்சின் என்ன ஆர்பிஎம், காற்று எவ்வளவு சூடு என்று பார்த்து, தன்னிடம் இருக்கிற அட்டவணையை வைத்து இவ்வளவு காற்றுதான் போயிருக்கும் என்று ஊகிக்கிறது. அந்த அட்டவணையை எழுதியது ஃபேக்டரி கேமுக்கு.

மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கிற ஃபோர்டின் மேப் சென்சார் வோல்ட்டில் பேசாது, ஹெர்ட்ஸில் பேசும். எஞ்சின் நின்றிருக்கும்போது, கடல்மட்டத்தில், சுமார் 159. ஐடிலில் 18 அங்குல வேக்குவம் இருந்தால் 109-ஐ ஒட்டி. இப்போது அந்தத் திண்ணைக் கேமைப் போடுகிறீர்கள், ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) கூடியதால் ஐடில் வேக்குவம் 12-க்கு இறங்குகிறது, சென்சார் 125 காட்டுகிறது. கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார், பாரம் ஏறிவிட்டது, பெட்ரோல் ஊற்று. ஊற்றும். அது போதாதென்று ஓவர்லேப் நேரத்தில் எரியாமலே தப்பித்த காற்று எக்ஸாஸ்டுக்குப் போகும், ஆக்ஸிஜன் சென்சார் அதை மோந்து பார்த்துவிட்டு பெட்ரோல் போதவில்லை என்று தகவல் அனுப்பும். இன்னும் ஊற்றும். வண்டி விக்கி விக்கி ஐடில் ஓடும், கண் எரியும், பிளக் கறுக்கும். ஒரே பொய்யை இரண்டு சாட்சி சொன்னால் நீதிபதி என்ன செய்வார்.

ஒரு நல்ல சேதி, முழு த்ராட்டிலில் ஆக்ஸிஜன் சென்சாரை அது கண்டுகொள்வதில்லை. டிராக்கில் நீங்கள் இருப்பதே முழு த்ராட்டிலில்தான். ஆனாலும் அட்டவணை தப்புதானே. 89-ல் இருந்து மாஸ் ஏர் வந்தது, காற்றை நேராகவே அளக்கும், கேமைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வந்த கம்ப்யூட்டர் ஏ9பி, மேனுவலுக்கு ஏ9எல். பலர் அதைத் தேடி அலைவார்கள். ரேஸ் மட்டும்தான் நோக்கம் என்றால் நீங்கள் அலைய வேண்டாம், நீங்களே அட்டவணை எழுதுகிற மாதிரி தனி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) வாங்குங்கள். வாங்குமுன் என்எச்ஆர்ஏ ஏற்றுக்கொண்ட பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கம்ப்யூட்டர் வேலை என்பதால் அந்த அட்டவணை உங்களுக்குப் பிடித்தும் போகும், வீட்டில்தான் பிடிக்காது.


கார்புரேட்டர்_பெரியப்பா:

எல்லாரும் ஈசியு ஈசியு என்று அந்தப் பையனைப் பயமுறுத்தாதீர்கள். நான் நாற்பது வருடமாகக் கார்புரேட்டர் ஆள். காலையில் ஒரு ஜெட் (பெட்ரோல் அளவை முடிவு செய்கிற துளை), வெயில் ஏறினால் ஒரு ஜெட், நாலு ஸ்க்ரூ, வேலை முடிந்தது.

இன்ஜெக்‌ஷன் ஏதோ நேற்று வந்தது போலப் பேசுகிறார்கள். 1957-லேயே செவர்லே 283 கன அங்குல எஞ்சினில் ராம்ஜெட் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வைத்து 283 ஹெச்பி என்று விற்றது, அங்குலத்துக்கு ஒரு ஹெச்பி. அதைச் சரியாக ட்யூன் செய்யத் தெரிந்தவன் ஊருக்கு ஒருவன் கிடைத்தால் பெரிது. அதனால் பலர் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள், இன்று அந்த இன்ஜெக்‌ஷன் யூனிட்டுக்குச் சொத்து விலை கேட்கிறார்கள்.

பையனுக்கு என் யோசனை வேறு. ஒன்றுமில்லாததில் இருந்து கட்டாதே. ஸ்டாக்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டி ஒன்று விலைக்கு வரும்போது வாங்கு. நீ கட்டி முடிக்கிற செலவில் பாதிதான் ஆகும், அதுவும் நீ எல்லாவற்றையும் இரண்டு தடவை வாங்காமல் இருந்தால். காசு கொழுத்துக் கிடந்தால் 2008-ல் ஃபோர்டு ஐம்பது வண்டி மட்டும் செய்த கோப்ரா ஜெட் மாதிரி ஏதாவது தேடு, ஃபேக்டரியே ரேஸுக்கென்று செய்து கொடுத்தது. ஆனால் அதில் உன் கை எங்கே இருக்கிறது என்று கேட்பாய். கேட்க வேண்டும்தான்.


மேப்_சென்சார்:

பெரியப்பா, வெயில் ஏறினால் ஒரு ஜெட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். காலை ஒன்பது மணிக்கு இருக்கிற காற்று மத்தியானம் மூன்று மணிக்கு இல்லை. சூடும் ஈரமும் ஏற ஏறக் காற்று லேசாகும். டென்வர் பக்கத்தில் மலை மேலிருந்த பாண்டிமியர் டிராக்கில் ஓடினவர்களைக் கேளுங்கள், கிட்டத்தட்ட 5800 அடி உயரம், 2023-ல் மூடிவிட்டார்கள். இன்ஜெக்‌ஷன் அதைத் தானே பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். வண்டி வேகம் குறையத்தான் செய்யும், ஆனால் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். ஸ்டாக்கில் ஜெயிக்க அதுதான் வேண்டும்.

சரி, உங்களோடு சண்டை போட்டு எவனும் ஜெயித்ததில்லை.


கொலம்பஸ்_குமரன்:

அண்ணன்மார்களுக்கும் பெரியப்பாவுக்கும் நன்றி. கட்டத்தான் போகிறேன் பெரியப்பா, மன்னிக்கவும். கேம் வாங்கவில்லை. தராசு இந்த சனிக்கிழமை. அதற்குள் ஒன்று, ஏஓடியை வைத்துக்கொள்ளவா மாற்றவா? அப்புறம் ‘எவ்வளவு குறையும் என்று சொல்ல முடிந்தால் ஜெயிக்கலாம்’ என்றது புரியவில்லை. வேகமாகப் போகிறவன்தானே ஜெயிப்பான்?


ஒன்பதங்குல_டயர்:

இல்லை தம்பி, அங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள்.

தகுதிச் சுற்றில் இன்டெக்ஸுக்கு எவ்வளவு கீழே ஓடினீர்கள் என்று பார்ப்பார்கள். எலிமினேஷனில் வேறு ஆட்டம். உங்கள் வண்டி என்ன நேரம் ஓடும் என்று நீங்களே கண்ணாடியில் எழுதுவீர்கள், 11.42 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கிறவர் 10.60. உங்களுக்கு 0.82 வினாடி முன்னால் பச்சை விழும், அவர் துரத்திக்கொண்டு வருவார். எழுதினதை விட வேகமாக ஓடினால் பிரேக்அவுட், தோற்றீர்கள். இரண்டு பேரும் ஒரே கிளாஸாக மாட்டினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, சேர்ந்து கிளம்பி யார் முதலோ அவரே. அன்றைக்குத்தான் நீங்கள் குளிர்காலம் முழுக்க ப்யூரெட்டில் சொட்டு விட்டதற்குப் பலன் தெரியும்.

டிரான்ஸ்மிஷன். ஏஓடியின் முதல் கியர் விகிதம் 2.40, ஃபோர்டின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான சி4-ன் முதல் கியர் 2.46, இரண்டிலும் மூன்றாவது 1.00. அதற்கு மேல் ஏஓடியில் இருக்கிற ஓவர்டிரைவ் உங்களுக்குக் கால் மைலில் தேவையே இல்லை, அது இருப்பதற்காக எடையையும் சுழற்றுகிற பாரத்தையும் சுமக்கிறீர்கள். சி4 இலகு, எஞ்சினிடம் இருந்து குறைவாகத் தின்னும், பாகமும் கிடைக்கும். உங்கள் வண்டிக்கு அனுமதி எப்படி என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

ஆனால் அதை விடப் பெரியது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர். இந்த எஞ்சினின் நீண்ட இன்டேக் குழாய்கள் கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக மூச்சு விடும், திண்ணைக் கேம் மேலே போகச் சொல்லும். கன்வெர்ட்டர்தான் நடுவில் நின்று சமாதானம் செய்கிறது, கிளம்பும்போதே எஞ்சினைக் கேமுக்குப் பிடித்த இடத்துக்குத் தூக்கிவிட வேண்டும். கடையில் இருக்கிறதை வாங்காதீர்கள், வண்டி எடை, பின் கியர், கேம் அட்டை மூன்றையும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முதல் 60 அடியில் ஒரு பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் கோட்டில் அது ஒன்றரை மடங்காகத் தெரியும். என் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஒன்பது அங்குல டயர்தான் உங்களுக்கு அனுமதி. எவ்வளவு ஹெச்பி இருந்தாலும் அந்த ஒன்பது அங்குலம் வழியாகத்தான் தரையில் இறங்க வேண்டும். டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸையே பூட்டி வண்டியை நிறுத்தி வைப்பது) கிடையாது, கால் பிரேக்தான். இடது காலில் பிரேக்கை அழுத்தி, வலது காலில் ஆர்பிஎம்மை ஏற்றிப் பிடித்து, கிளம்புகிற இடத்து விளக்குக் கம்பத்தில் மூன்றாவது மஞ்சளில் விட வேண்டும். மஞ்சளுக்கு மஞ்சள் அரை வினாடி. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் எதிராளி அதற்குள் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருப்பார். நார்வாக்கில் ஒரு பவுண்டு ஐஸ்கிரீம் ஒரு டாலர், தோற்றுப்போன நாளில் நான் அங்கேதான் நிற்பேன்.

பாதுகாப்பைத் தள்ளிப் போடாதீர்கள். 11.49-க்குக் கீழே போனால் ரோல் பார் வேண்டும். 10.99-க்குக் கீழே என்றால் உங்கள் 8.8 பின் ஆக்ஸிலை உள்ளே பிடித்து வைத்திருக்கிற சி-கிளிப் செல்லாது, ஆக்ஸிலைத் தனியாகப் பிடித்து வைக்கிற ஏற்பாடு கட்டாயம். சி-கிளிப்போ ஆக்ஸில் முனையோ உடைந்தால் சக்கரம் ஆக்ஸிலோடு வெளியே நடந்து வரும். ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) மாட்டுகிற அன்றே, டிரைவ்ஷாஃப்ட் உடைந்தால் கீழே விழாமல் பிடிக்கிற லூப்பும் மாட்டிவிடுங்கள். பெட்ரோல் பிரஷர் கேஜ் ஒன்றை வெளியில் தெரிகிற இடத்தில் வையுங்கள். வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 39 பிஎஸ்ஐ நிற்க வேண்டும், ஓட்டத்தின் நடுவில் அது சரிந்தால் கேம் சரியில்லை, ஈசியு சரியில்லை என்று தேடாதீர்கள், பம்ப்பைப் பாருங்கள்.


கொலம்பஸ்_குமரன்:

தராசுக்குப் போய் வந்தேன். அரை டேங்க் பெட்ரோலோடு, நான் உள்ளே உட்கார்ந்து எடுத்தது. கையேட்டில் என் வண்டிக்கு இருக்கிற எண்ணை வைத்து நான் குறி வைக்கிற கிளாஸுக்குக் கணக்குப் போட்டால் 90 பவுண்டு அதிகம். என் எடை 208, விதி கொடுக்கிற 170 போக 38 பவுண்டு என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், பண்டிகை எல்லாம் முடியட்டும். மிச்சம் 52 எங்கே என்றுதான் தெரியவில்லை. பின்சீட்டைக் கழற்றக் கூடாது என்று படித்தேன். கண்ணாடியை மாற்றினால் தேறுமா?


ஒன்பதங்குல_டயர்:

கண்ணாடியில் கை வைக்காதீர்கள். டிக்கியில் ஸ்பேர் டயரும் ஜாக்கியும் எடுத்த பிறகு நிறுத்தீர்களா?


கொலம்பஸ்_குமரன்:

எடுக்கவில்லை அண்ணே. கோடையில் வாங்கிப் போட்ட இருபது பவுண்டு அரிசி மூட்டையும் உள்ளே கிடக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.


கார்புரேட்டர்_பெரியப்பா:

என்ன அரிசி?